மகன் சாப்பிடும் சாப்பாடு



இந்த மாதம் உங்களிடம் ஒரு கேள்வியோடு வருகிறேன். நீங்கள் கடைசியாக எப்போது ஒரு சாப்பாட்டுக் கடையில் கதிரையில் அமர்ந்து, இன்னொருவர் பரிமாற, ஆறுதலாகச் சாப்பிட்டீர்கள்? ஆஸ்பத்திரிக்குப் போன வழியில் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்த பணிஸைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். கச்சேரிக்குப் போன அன்று பஸ் நிலையத்தில் நின்றபடி குடித்த பிளேன்டீயையும் சேர்க்க வேண்டாம். உங்கள் பசிக்காக, உங்கள் ஆசைக்காக நீங்கள் உட்கார்ந்து சாப்பிட்ட ஒரு நேரத்தைக் கேட்கிறேன்.

ஹட்டன், நுவரெலியாப் பக்கத்துத் தோட்டங்களில் நான் சந்திக்கும் மகளிர் குழுக்களிலும் இதே கேள்வியைக் கேட்டேன். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு யோசித்தார்கள். ஒருவர், "கல்யாணமான புதுசுல நுவரெலியா சீசனுக்குப் போனப்ப ஒரு தடவ" என்றார். இன்னொருவர், "பொம்பளைங்க கடையில குந்தித் தின்னா நாலு பேரு என்னா சொல்லுவாங்க?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். பலருக்கு விடையே இருக்கவில்லை.

இது வறுமையால் மட்டும் வந்த நிலைமை என்று சொல்லிவிட முடியாது. சம்பள நாளன்று மாலையில் டவுனுக்குப் போய்ப் பாருங்கள். கொத்து ரொட்டிக் கடைகளில் உட்கார இடமில்லை. உட்கார்ந்திருப்பவர்களில் மிகப் பெரும்பாலானோர் ஆண்கள். பெண்கள் வாசலில் நின்று பார்சல் கட்டி வாங்கிக்கொண்டு கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறார்கள். அந்தப் பார்சலும் வீட்டில் பிரிக்கப்படும்போது முதல் பங்கு யாருக்கு, கடைசிப் பங்கு யாருக்கு என்பது உங்களுக்குத் தெரியும்.

அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து ரொட்டி சுட்டு, சம்பல் அரைத்து, பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு மலைக்கு ஏறுகிற பெண், தன் பங்கு ரொட்டியைக் கொழுந்துக் கூடைக்குப் பக்கத்தில் நின்றபடியே சாப்பிடுகிறாள். வன்னியிலும் மட்டக்களப்பிலும் இருக்கும் சகோதரிகளுக்கு முகாம் வரிசை நினைவுக்கு வரும். அங்கும் பிள்ளைகளுக்குக் கொடுத்தபின் பாத்திரத்தில் ஒட்டியிருந்ததுதான் தாயின் சாப்பாடு.

நுவரெலியாவில் 1876ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஹில் கிளப் இன்றும் இருக்கிறது. நெடுங்காலம் அது வெள்ளைக்காரத் துரைமாருக்கு மட்டும் உரிய இடமாக இருந்தது. எங்கள் பாட்டிமார் பறித்த கொழுந்து அந்த மேசைக்குப் போனது. அவர்கள் போகவில்லை. யார் எந்த மேசையில் உட்காரலாம் என்பது சமையற்காரர் தீர்மானித்த விடயமல்ல. சமூகம் அதை எழுதாத சட்டமாக வைத்திருந்தது.

கொழும்பில் ஒரு கொரியக் கடை

2025ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், எங்கள் பகுதி மகளிர் குழுவைச் சேர்ந்த ஐந்து பேருடன் கொழும்புக்குப் போயிருந்தேன். அவர்கள் செய்த ஊறுகாய், மிளகாய்த்தூள், தைத்த பைகள் ஆகியவற்றை ஒரு விற்பனைக் கண்காட்சியில் வைத்தோம். ஐவரில் மூத்தவர் முப்பத்தைந்து வருடம் கொழுந்தெடுத்து ஓய்வு பெற்றவர். நாங்கள் எல்லோரும் அவரைப் பெரியம்மா என்போம். அவரது இளைய மகன் கொரியாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார்.

இரண்டாம் நாள் பின்னேரம் பெரியம்மா என்னைத் தனியாக அழைத்தார். "என் மகன் மூணு வருசமா என்னத்த சாப்புடுறான்னு எனக்குத் தெரியாது. போன்ல படம் காட்டுறான். படத்துல வாசம் தெரியுமா, ருசி தெரியுமா? கொழும்புல அந்த நாட்டுச் சாப்பாட்டுக் கடை இருக்காமே. காசு அவனே அனுப்பியிருக்கான். எல்லாரையும் கூட்டிட்டுப் போ மகள்" என்றார்.

கடைக்குள் நுழைந்ததும் எங்கள் பெண்கள் கதவருகிலேயே நின்றுவிட்டார்கள். உள்ளே கல்லூரிப் பிள்ளைகள் சாப்பாட்டைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கொரியப் பாட்டு ஒலித்தது. மேசைகளின் நடுவே அடுப்பு பதித்திருந்தது. ஒருவர் தன் செருப்பைக் கழற்றப் போனார். "வாங்க, வாங்க" என்று சுத்தமான எங்கள் ஊர்த் தமிழில் ஒரு குரல் கேட்டது. பரிமாற வந்த தங்கச்சி மஸ்கெலியாப் பக்கத்துப் பிள்ளை. "நீங்க எந்தத் தோட்டம் அக்கா?" என்று கேட்டு, ஐந்து நிமிடத்துக்குள் இரண்டு பொதுச் சொந்தக்காரர்களையும் கண்டுபிடித்துவிட்டார். அதன் பிறகுதான் எல்லோருக்கும் மூச்சு வந்தது.

முதலில் ஒரு கூசாவில் வெளிர் பழுப்பு நிறத்தில் தண்ணீர் வந்தது. பெரியம்மா அதைக் குடித்துப் பார்த்துவிட்டு, "என்னா இது, தேத்தண்ணிக்குத் தூள் பத்தலையா?" என்றார். வறுத்த பார்லியை அவித்தெடுத்த தண்ணீர் அது. கொரியாவில் சாப்பாட்டோடு அதைத்தான் குடிப்பார்கள் என்று தங்கச்சி விளக்கினார்.

பிறகு நாங்கள் கேட்காமலேயே சின்னச் சின்னக் கிண்ணங்கள் வந்தன. கீரை, முளைவிட்ட பயறு, முள்ளங்கி, கோவா ஊறுகாய். இவற்றுக்குத் தனிக் காசு இல்லை, முடிந்தால் மீண்டும் தருவார்கள் என்றதும் எங்கள் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சாப்பிட இரண்டு உலோகக் குச்சிகளும் நீண்ட கரண்டியும் வைத்திருந்தார்கள். "கொரியாக்காரங்க சோறு கரண்டியாலதான் சாப்புடுவாங்க, குச்சி கறிக்குத்தான். எனக்கும் முதல் கிழமை பிடிக்கத் தெரியல" என்று தங்கச்சி சொல்லிக் கொடுத்தார். மூத்தவர் கரண்டியை எடுத்த பிறகே இளையவர்கள் தொடங்க வேண்டும் என்பது அந்த நாட்டு வழக்கம் என்றும் சொன்னார். எல்லோரும் பெரியம்மாவைப் பார்த்தோம். அவருக்குக் கொஞ்சம் வெட்கமாகிவிட்டது. வீட்டில் அவர் கரண்டியை முதலில் எடுப்பது மற்றவர்களுக்குப் போடத்தான்.

அவர் முதலில் தொட்டது அந்தக் கோவா ஊறுகாயை. அதன் பெயர் கிம்சி. மகன் மூன்று வேளையும் சாப்பிடுவதாகச் சொன்னது அதுதான். மெதுவாக மென்றார். "புளிக்குது. உறைக்குது. பூண்டு போட்டிருக்கு. சோறும் இருக்கு" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப புள்ள பட்டினி கிடக்கல" என்றார்.

பட்டாளக் குழம்பு

பெரிய சட்டி ஒன்றை மேசை அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டார்கள். சொசேஜ், டின் இறைச்சி, நூடில்ஸ், கிம்சி எல்லாம் கலந்த சிவந்த குழம்பு. பக்கத்து மேசைகளிலும் இளம் பிள்ளைகள் அதையே விரும்பிச் சாப்பிட்டார்கள். அதன் கொரியப் பெயர் புதே ஜிகே. 'புதே' என்றால் படைப்பிரிவு. தமிழில் பட்டாளக் குழம்பு என்று சொல்லலாம்.

அதன் கதையை நான் படித்திருந்தேன். 1950 ஜூன் முதல் 1953 ஜூலை வரை கொரியாவில் யுத்தம் நடந்தது. நாடு இரண்டாகப் பிரிந்து நின்றது. நகரங்கள் தரைமட்டமாயின. இறைச்சி என்பதே கண்ணில் படாத அந்தக் காலத்தில், உய்ஜொங்பு போன்ற ஊர்களில் இருந்த அமெரிக்க இராணுவ முகாம்களிலிருந்து வெளியே வந்த டின் இறைச்சியையும் சொசேஜையும் தங்கள் கிம்சியோடு போட்டுக் கொதிக்கவைத்து மக்கள் பசியாறினார்கள். பசியில் பிறந்த அந்தக் குழம்பு இன்று நாகரிகமான கடைகளில் விலை கூடிய சாப்பாடாக இருக்கிறது.

இதை நான் சொல்லி முடித்தபோது, எங்களில் ஒரு சகோதரி கரண்டியைக் கீழே வைத்தார். அவரது குடும்பம் 1977 வன்செயலுக்குப் பிறகு மலையகத்தை விட்டு வன்னிக்குப் போய்க் குடியேறியது. அவர் பிறந்து வளர்ந்தது கிளிநொச்சியில். 2009இல் எல்லாவற்றையும் இழந்து, செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்து, பின்னர் ஹட்டனுக்கு அருகே உறவினரிடம் வந்து சேர்ந்தவர். "அப்ப இது அவையின்ட கஞ்சியெல்லோ அக்கா" என்றார்.

அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. உப்பும் தண்ணீரும் கொஞ்சம் அரிசியும் சேர்ந்த அந்தக் கஞ்சியை அவர் குடித்தவர். வருடந்தோறும் மே மாதத்தில் வடக்கிலும் கிழக்கிலும் பெண்கள் அதைக் காய்ச்சிப் பகிர்கிறார்கள். மலையகத்துக்கும் அப்படி ஒரு ஞாபகம் உண்டு. 1973, 1974 பஞ்ச காலத்தில் தோட்டங்களில் மாவும் அரிசியும் இல்லாமல், காட்டுக் கீரையையும் கிழங்கையும் அவித்துத் தின்று உயிர் பிழைத்ததைப் பெரியம்மாவின் வயதுடையவர்கள் இன்றும் சொல்வார்கள். அந்தப் பசியில் இறந்தவர்களும் பலர்.

கொரியர்கள் தங்கள் பிரிவையும் மறைத்து வைக்கவில்லை. யுத்தம் முடிந்து 30 வருடங்களுக்குப் பிறகு, 1983 ஜூன் 30ஆம் திகதி அங்குள்ள கே.பி.எஸ். தொலைக்காட்சி, பிரிந்த உறவுகளைத் தேடும் நிகழ்ச்சி ஒன்றைத் தொடங்கியது. மக்கள் பெயரும் ஊரும் எழுதிய அட்டைகளைப் பிடித்தபடி வந்து நின்றார்கள். நவம்பர் வரை மொத்தம் 453 மணித்தியாலங்களுக்கு மேல் ஒளிபரப்பினார்கள். 10,189 குடும்பங்கள் ஒன்று சேர்ந்தன. அந்த ஒளிநாடாக்களை 2015இல் யுனெஸ்கோ உலக ஞாபகப் பதிவேட்டில் சேர்த்தது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் வீதியோரம் படங்களோடு அமர்ந்த எங்கள் தாய்மாரை நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். காலம் கடந்துவிட்டது, இனித் தேடி என்ன பயன் என்று சொல்கிறவர்களுக்கு இந்த 30 வருடக் கணக்கைச் சொல்லலாம்.

அங்கேயும் சமைத்தது பெண்கள்தான்

கொரியா என்றதும் பலருக்கு நினைவு வருவது தொலைக்காட்சி நாடகம். 2003இல் அங்கு வெளியாகி, பிறகு இங்கே ரூபவாஹினியில் 'சுஜாத தியணி' என்ற பெயரில் சிங்களத்தில் வந்த நாடகத்தை லயங்களிலும் பார்த்தார்கள். அரண்மனைச் சமையலறையில் வேலை செய்த ஒரு பெண் அரச வைத்தியராக உயர்ந்த கதை அது.

நாடகத்துக்கு வெளியே நிலைமை வேறு. பழைய கொரிய வீடுகளில் ஆண்களுக்குத் தனித்தனியாகச் சிறு மேசை வைத்துப் பரிமாறினார்கள். பெண்கள் பிறகு, பல வேளை சமையலறையில் சாப்பிட்டார்கள். இன்றும் பெருநாட்களில் மருமகள்மார் சமைத்துச் சமைத்து நோயாளியாவதற்கு அந்த நாட்டில் 'பெருநாள் நோய்' என்று ஒரு பெயரே இருக்கிறது. தீபாவளிக்கு முதல் நாள் இரவு பலகாரச் சட்டிக்கு முன்னால் இருப்பவர்களுக்கு அந்த நோயை நான் விளக்கத் தேவையில்லை.

ஆனால் மாற்றமும் நடந்தது. குடும்பத்தின் தலைவர் ஆண்தான் என்று பதிவு செய்யும் சட்டம் அங்கு இருந்தது. பெண்கள் பல வருடம் போராடினார்கள். 2005இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அது செல்லாது என்றது. 2008 ஜனவரி முதலாம் திகதியோடு அந்த முறை ஒழிந்தது. எங்கள் நாட்டிலும் 'குடும்பத் தலைவர்' என்ற சொல் எத்தனை படிவங்களில் எங்களை வாசலில் நிறுத்தியிருக்கிறது! 2004 சுனாமிக்குப் பின், கிழக்கில் தாய்வழியாக வந்த காணிகளில் கட்டிய வீடுகள் கூடக் கணவன் பெயருக்குப் போன கதைகளை அங்குள்ள சகோதரிகள் மறந்திருக்க மாட்டார்கள். யார் முதலில் சாப்பிடுவது என்பதும், காணி யார் பெயரில் என்பதும் ஒன்றுக்கொன்று தூரமான கேள்விகள் அல்ல.

காசு பற்றிய கேள்வி

பில் வந்தது. தோட்டத்து நாட்சம்பளம் 2021 மார்ச்சில் 1000 ரூபாயாகவும், 2024 செப்டெம்பரில் 1350 ரூபாயாகவும் ஆனது. (2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் 1750 ரூபாய் ஆக்குவதாக அறிவித்தார்கள்.) நாங்கள் போன கடையில் ஒரு தட்டின் விலையே அன்றைய நாட்சம்பளத்தைத் தாண்டியது. கொழுந்து நிறை 18 கிலோ என்று வைத்தாலும், ஒரு கிண்ணச் சோற்றுக்குள் எத்தனை கிலோ கொழுந்து என்று எங்கள் பெண்கள் மேசையிலேயே கணக்குப் பார்த்துவிட்டார்கள்.

"இந்தக் காசுக்கு எங்க வீட்டுக்கு ஒரு மாசத்துக்கு மா வாங்கிரலாம்" என்றார் ஒரு சகோதரி. அவர் சொன்னது உண்மை. பெரியம்மா, "மா வாங்க நாளைக்கும் உழைப்பேன். முப்பத்தஞ்சு வருசம் மாதான் வாங்கினேன்" என்றார். அதுவும் உண்மை. இருவரில் ஒருவரைச் சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு மனமில்லை. எல்லோரும் கொழும்புக் கடைக்குப் போங்கள் என்று சொல்வதற்காகவும் இதை எழுதவில்லை. ஆனால் பெண்ணின் ஆசைக்குச் செலவாகும் காசை மட்டும் நாம் மாவிலும் அரிசியிலும் அளந்து பார்க்கிறோம். ஆண்கள் தவறணையில் செலவழிக்கும் காசை அப்படி அளப்பவர்கள் குறைவு. இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்களுக்குப் பரிமாறிய தங்கச்சி அந்தக் கடையில் இரண்டு வருடமாக வேலை செய்கிறார். எல்லாச் சாப்பாட்டின் பெயரும் அவருக்கு மனப்பாடம். உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறீர்களா என்று பெரியம்மா கேட்டபோது, "நாங்க பின்னால சோறும் பருப்பும் சாப்புடுவோம் பெரியம்மா" என்று சிரித்துக்கொண்டே சட்டியை எடுத்துப் போனார்.

நாம் செய்யக் கூடியவை

ஒன்று, பிள்ளைகளைக் கொரியாவுக்கு அனுப்ப நினைக்கும் தாய்மாருக்கு. 2004இல் தொடங்கிய தொழில் அனுமதி முறையின் கீழ்தான் எங்கள் பிள்ளைகள் அங்கு போகிறார்கள். இது இரண்டு அரசுகளுக்கு இடையிலான ஒப்பந்தம். 18 முதல் 39 வயது வரை விண்ணப்பிக்கலாம். கொரிய மொழிப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். எல்லாமே வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் ஊடாகத்தான் நடக்கும். நடுவில் முகவருக்கு இடமில்லை. "நான் எடுத்துத் தாறேன்" என்று யாராவது லட்சக்கணக்கில் கேட்டால், தோட்டை அடகு வைக்காதீர்கள், பணியகத்தில் போய் விசாரியுங்கள்.

இரண்டாவது, கிம்சி. நுவரெலியாவில் கோவாவின் விலை விழும்போது மூட்டை மூட்டையாக வீணாவதைப் பார்க்கிறோம். கொரியப் பெண்கள் பனிக்காலத்துக்கு முன் அயலவர்கள் கூடிக் கிம்சி போட்டுப் பகிர்ந்துகொள்ளும் வழக்கத்தை 2013இல் யுனெஸ்கோ உலகப் பண்பாட்டு மரபாக ஏற்றது. எங்கள் குழுவும் முயன்று பார்த்தது. ஒரு கிலோ கோவாவைப் பெரிதாக வெட்டி, ஒரு கைப்பிடி கல்லுப்புப் போட்டுப் பிசைந்து இரண்டு மணித்தியாலம் வையுங்கள். இடையில் ஒருமுறை புரட்டுங்கள். வதங்கியதும் மூன்று தரம் கழுவி வடியவிடுங்கள். ஒரு மேசைக்கரண்டி அரிசிமாவை ஒரு கோப்பைத் தண்ணீரில் கூழாகக் காய்ச்சி ஆறவைத்து, அதில் இரண்டு மேசைக்கரண்டி மிளகாய்த்தூள், அரைத்த பூண்டு, இஞ்சி, கொஞ்சம் கூனி இறால் தூள் சேருங்கள். நீளமாக வெட்டிய முள்ளங்கியும் வெங்காயத்தாளும் போட்டுக் கோவாவோடு பிசையுங்கள். சுத்தமான போத்தலில் அமுக்கி அடைத்து, மேலே நாலு விரல் இடம் விடுங்கள். குளிரான இடத்தில் இரண்டு நாள், வெக்கையான ஊரில் ஒரு நாள் போதும், புளித்துவிடும். காற்று உண்டாகும், ஆகவே மூடியை இறுக்க வேண்டாம். பிறகு குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். அந்த வசதி இல்லாதவர்கள் கொஞ்சமாகப் போட்டு இரண்டு மூன்று நாளில் முடித்துவிடுங்கள். பூஞ்சணம் பிடித்தால் எறிந்துவிட வேண்டும்.

மூன்றாவது, உட்காருவது. எங்கள் குழுவில் சீட்டுக் காசிலிருந்து ஆளுக்கு மாதம் 50 ரூபாய் ஒதுக்கத் தொடங்கியிருக்கிறோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை டவுனில் ஏதாவது ஒரு கடையில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவோம். தோசையாக இருக்கலாம், கொத்தாக இருக்கலாம். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று பயந்தவர்கள், நாங்களே பத்துப் பேராகப் போனபோது பயத்தை விட்டார்கள். அதற்கும் வசதி இல்லாத இடத்தில், கிழமைக்கு ஒரு நாளாவது வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் சாப்பிடுங்கள். அன்று மகனைப் பரிமாறச் சொல்லுங்கள். நாளைக்கு அவன் எந்த நாட்டுக்குப் போனாலும் அந்தப் பழக்கம் அவனுக்கு உதவும்.

உங்கள் ஊரில் யுத்த காலத்திலும் பஞ்ச காலத்திலும் எதைச் சமைத்து உயிர் பிழைத்தீர்கள் என்பதை உங்கள் மகளுக்குச் சொல்லுங்கள். முடிந்தால் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். என்ன போட்டீர்கள், எவ்வளவு தண்ணீர் விட்டீர்கள், எத்தனை பேர் குடித்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.